அரைப்பேர் போட்ட கார்

மகனே,

உன் அம்மா கடிதம் எழுதுகிறாள் என்றால் நீ முதலில் சிரிப்பாய். சிரி. ஐந்தாம் வகுப்போடு ரப்பர் பால்வாளியைத் தூக்கியவள், சம்பளச் சீட்டில்கூடப் பெயரை முழுதாக எழுதச் சோம்பல்படுகிறவள், நான்கு நாட்களாக ஒரு கொப்பியின் மேல் கவிழ்ந்து கிடக்கிறாள். முதல் நாள் உன் அப்பா எட்டிப் பார்த்து, "என்னா, தொரைக்கு லெட்டரா? லீவு கேக்குறியா?" என்றார். "ஆமா, ஒங்ககிட்ட இருந்துதான் லீவு கேக்குறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். நீ "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பாய், நான் ஏதாவது பகிடி விடுவேன், நீ வைத்துவிடுவாய். என் வாய் அப்படிப் பழகிவிட்டது. கை அவ்வளவு கெட்டிக்காரி இல்லை, அதற்கு உள்ளதை மட்டும்தான் எழுதத் தெரியும். வருகிற வியாழக்கிழமை நீ விமானம் ஏறப்போகிறாய். ஏறுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள். அன்றைக்குக் கார் நடுவழியில் நின்றது உன்னால் இல்லை. பெற்றரியாலும் இல்லை. என்னால். எடுத்த எடுப்பிலேயே எழுதிவிட்டேன், இனி எனக்கு ஓட வழியில்லை. கோபத்தில் கிழித்துப் போடாமல் மிச்சத்தையும் வாசி.

அந்தக் கரண்டுக் காரை நீ ஏன் வாங்கினாய் என்று ஊரில் எல்லோரும் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். மிச்சம் பிடிக்க வாங்கினான் என்கிறார்கள். எனக்குத்தான் சரியாகத் தெரியும். நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன வருடம், நீ அடுத்தவன் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாய். கஹவத்தை டவுனில் வரிசையில் மூன்று நாள் கிடந்தாய். நான் சோற்றுப் பார்சலோடு பஸ்ஸில் வந்து, வரிசையில் உன்னைத் தேடி, வேனின் கண்ணாடியைத் தட்டி, "மாப்பிள்ள, பெட்ரோலுக்குப் பொண்ணு பாக்க வந்து மூணு நாளாச்சே, பொண்ணக் கண்ணுல காட்டுனாங்களா?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. முகம் கறுத்து, உதடு வெடித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, இனிமே எவன் முன்னாடியும் இப்பிடி வரிசையில நிக்க மாட்டேன்" என்றாய். அந்தச் சொல்லில்தான் அந்தக் கார் பிறந்தது. அதைக் காசுக்காக வாங்கியதாக இப்போது நீயே சொல்லிக்கொள்கிறாய். அது பொய். ரோஷத்துக்காக வாங்கினாய். உன்னைப் பெற்றவளுக்கு அதில் பெருமைதான்.

கார் வந்த அன்று நீ எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர், ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாய். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் எதையும் தோட்டத்துச் செக்ரோலில், அந்த வேலைப் பதிவில், விழுகிற பேரை வைத்துத்தான் அளப்பேன். ஒரு நாள் பால் வெட்டி, துரை சொன்ன கிலோவைக் கொடுத்தால் ஒரு பேர், முழு நாள் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். சேலை வாங்கினாலும், கருவாடு வாங்கினாலும், உனக்குச் சப்பாத்து வாங்கினாலும் எனக்கு அது இத்தனை பேர் என்றுதான் தெரியும். அதனால் நீ என் பாஷைக்கு மாற்றிச் சொன்னாய். "அம்மா, இரத்தினபுரிக்குப் போய்வர பெட்ரோல் வண்டின்னா ஒனக்கு ஒரு பேரும் போய், கையில இருந்தும் கொஞ்சம் போடணும். இதுன்னா கால் பேரு. கூடிப்போனா அரப்பேரு." நான் அதில் பின்பாதியைக் காதில் வாங்கவே இல்லை. கால் பேர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நாற்பது பேருக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? உன் கல்யாணப் பேச்சுக்கு யட்டியாந்தோட்டைக்குப் போனபோது, கௌசல்யாவின் அப்பா தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "கரண்டுல ஓடுறதெல்லாம் வண்டியாங்க? பேரப்புள்ளைக்கு வாங்குற பொம்ம வண்டிதானே அது" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் பெண் கொடுக்கிறவர், கொஞ்சம் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். "சம்பந்தி, ஒங்க ஆட்டோ ஒரு நாளு குடிக்கிறதுல எங்க பொம்ம நாலு நாளு ஓடும். கால் பேருங்க, வெறும் கால் பேரு" என்றேன். அந்த வீடே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் துடைத்த துணியைக் கொஞ்சம் பலமாக உதறினார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது ஒரு பந்தயம் மாதிரி. எப்போது போன் எடுத்தாலும், "சம்பந்தியம்மா, இன்னும் கால் பேருதானா?" என்று கேட்பார். "கால் பேருதாங்க" என்பேன்.

முதல் கரண்டு பில் வந்தபோது நீ வாடகைக்கு ஹயர் போயிருந்தாய். மீட்டர் பார்க்கிற பையன் மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் மீட்டரைப் பார்த்தான். "அம்மே, கெதர பேக்கரியக் தாலாத?" என்றான். வீட்டில் பேக்கரி போட்டிருக்கிறாயா என்று கேட்கிறான். நானும் சிங்களத்திலேயே, ஆமாம், நாளைக்கு வா, பணிஸ் தருகிறேன் என்றேன். அவன் போன பிறகு பில்லைப் பார்த்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரத்தினபுரிக்குப் போய்வர கால் பேர் இல்லை, அரைப்பேர். கரண்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது, மகனே. பால் வெட்டில் சொன்ன கிலோவைத் தாண்டினால் தாண்டிய கிலோவுக்குக் கூடுதல் காசு தருவார்கள். கரண்டில் தாண்டினால் கூடுதல் காசு பிடுங்குவார்கள். படி ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கூடிப்போனால் அரைப்பேர் என்று நீ முன்பே சொன்னாய். அரைப்பேர் என்றாலும் பெட்ரோலில் பாதிகூட இல்லை. நீ தோற்கவில்லை, கார் தோற்கவில்லை. தோற்றது என் வாய் மட்டும்தான். "சம்பந்தி, கால் இல்லங்க, அரை" என்று ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தால் அவர் ஒரு வாரம் சிரித்திருப்பார். அவ்வளவோடு முடிந்திருக்கும்.

எனக்குத் தோற்கத் தெரியாது. இன்னொன்றையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன் அப்பாவின் ரேடியோ கெட்டுப்போனது நினைவிருக்கும். எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொன்னேன். எலி கடிக்கவில்லை. துடைக்கிறேன் என்று நான் கீழே போட்டேன். பாவம், அந்த மனிதர் ஒரு மாதம் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் பொறி வைத்தார். தினமும் காலையில் பொறியைப் பார்த்துவிட்டு வந்து, "கெட்டிக்கார எலிடி" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். என் குற்றத்தை இன்னொன்றின் தலையில் வைத்து, அதன் மேல் ஒரு பகிடியையும் வைத்துவிட்டால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று அன்றைக்கே பழகிக்கொண்டேன். எலிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

பில்லை நான் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, நீ கேட்டபோது ஒரு தொகையைக் குறைத்துச் சொல்லி, மிச்சத்தை என் சம்பளத்தில் இருந்து கட்டினேன். அதன் பிறகுதான் அந்த வேலையைத் தொடங்கினேன். நீ சாயங்காலம் வந்து குசினி ஜன்னல் வழியாக வயரை இழுத்துக் காரில் குத்துவாய். குளித்துச் சாப்பிட்டுச் சாய்ந்துவிடுவாய். நீ கண்ணை மூடியதும் நான் சுவிட்சை மூடி, கரண்டை நிறுத்திவிடுவேன். காலையில் அடுப்புப் பற்ற வைக்க எழும்பும்போது திரும்பப் போட்டுவிடுவேன், நீ வந்து பார்க்கும்போது காரில் அந்தச் சின்ன வெளிச்சம் எரியவேண்டுமே. கிலோ குறைந்தவளுக்குக் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுகிற மாதிரி உன் காருக்கு நான் அரைப்பேர் போட்டேன். பாவம், அது எந்தக் குறையும் வைக்காத வண்டி. நீ சார்ஜ் காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, "பெற்றரி கெழடாயிருச்சு போல, வித்தவன் ஏமாத்திட்டான்" என்று தலையைச் சொறிவாய். நான், "ஒங்கப்பன் மாதிரி ஒரு வண்டிடா அது, ராத்திரி எவ்வளவு போட்டாலும் காலையில தெரியாது" என்பேன். நீயும் கௌசல்யாவும் சிரிப்பீர்கள். பில் இறங்கியது. போதாத சார்ஜை நீ டவுனில் கூடுதல் விலைக்குப் போட்டுக்கொண்டு திரிந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் வீட்டில் மிச்சம் பிடித்ததை விட நீ வெளியில் கொடுத்தது அதிகம். கெட்டிக்கார அம்மா.

அன்றைக்கு நடந்ததை எழுதத்தான் நான்கு நாள் ஆயிற்று. முதல் நாள் சாயங்காலம் நீ எம்பிலிப்பிட்டிய ஹயர் முடித்துக் காரைச் சார்ஜ் இல்லாமல் கொண்டுவந்தாய். மறுநாள் மீட்டர் பார்க்கிற நாள். அதனால் ஒரு மணி நேரம்கூட விடாமல் சுவிட்சை மூடிவிட்டேன். விடிகிற நேரம் நல்ல மழை. மழை என்றால் பால் வெட்டு இல்லை, பேரும் இல்லை என்று நான் இன்னும் கொஞ்சம் படுத்திருந்தேன். அப்போதுதான் கௌசல்யா கூப்பிட்டாள். எட்டு மாதம். பாயில் இரத்தம். நீ அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினாய். வயரைப் பிடுங்கி எறிந்தாய், சுவிட்சைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மகனே, சுவிட்சை மூடியதை நீ மன்னித்தாலும் மன்னிப்பாய், இனி எழுதுவதை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். அடுத்த லயத்தில் ஒரு ஆட்டோ நின்றது. "தம்பி, கார்ல சார்ஜ் இல்ல, அந்த ஆட்டோவைக் கூப்பிடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். டவுன் வரைக்கும் போய்விடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மேட்டில் ஏறும்போதே, சார்ஜ் தீரும்போது காட்டுகிற அந்த ஆமைப் படம் எரிந்தது. நீ "போயிரும், போயிரும்" என்று சொல்லிக்கொண்டே போனாய். வளைவுக்குப் பிறகு கார் மெதுவாகி, மாடு படுக்கிற மாதிரி நின்றுவிட்டது. போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. நீ மழையில் இறங்கி ரோட்டில் மேலும் கீழுமாக ஓடினாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, புள்ள அசையல, மாமி" என்றாள். அப்போதாவது அவளிடம் சொன்னேனா? "பொறுத்துக்க புள்ள" என்றேன். ரப்பர் பால் கொண்டுபோகிற பவுசர் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. நீ திரும்பத் திரும்ப ஸ்டீயரிங்கில் அடித்ததுதான் தெரியும். "மிச்சம் பிடிக்கப் போயித்தானேம்மா" என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரிந்த பகிடி ஒன்றும் அப்போது வரவில்லை, உண்மையும் வரவில்லை.

முன்பே கொண்டுவந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த வார்த்தையின் மேல்தான் நான் இரண்டு மாதமாகப் படுத்து எழும்புகிறேன். அது ஒரு பக்கம் பாய் மாதிரி, ஒரு பக்கம் முள் மாதிரி. வார்ட் வாசலில் உன் மாமனார் எல்லோர் முன்னிலையிலும், "பெட்ரோல் காசுக்குக் கணக்குப் பாத்தவன் கையில எம்புள்ளையக் குடுத்தேனே" என்றார். நீ தலையைக் குனிந்தாய். என் தலை குனியவேண்டிய இடத்தில் உன் தலை குனிந்தது. அவர் தன் மகளை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு போனார். நீ காரைத் தடித்த தாட்டுச் சீலையால் மூடினாய், கொழும்புக்குப் போய்த் தங்கி, வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாய். "அங்கன பெட்ரோல் லொறிம்மா, நடுவழியில நிக்காது" என்றாய். அப்போதும் நான் சொல்லவில்லை.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் பெற்றவள் கடிதத்தில் புத்தி இல்லாவிட்டால் நீ யாரோ எழுதியது என்று நினைப்பாய். மகனே, பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் கணக்குப் பார்த்தது தப்பு இல்லை. ஏழை கணக்குப் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்? உன் கணக்கு சரியாகவே இருந்தது. காலுக்கும் அரைக்கும் நடுவில் இருந்த என் வீம்பைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நீ ஒரு இடத்தில் தோற்றால் அன்றைக்கே, அந்த வாசலிலேயே, "நான் சொன்னது பிழை" என்று சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் வெறும் வெட்கம்தான். ஒரு வாரம் போனால் அது பொய்யாகிவிடும், பிறகு அதைக் காப்பாற்ற இன்னொருவரைப் பலி கேட்கும். இன்னொன்று, உன்னைச் சிரிக்க வைக்கிற ஆட்களைக் கொஞ்சம் கவனமாகப் பார். சிரிப்பு நின்ற பிறகும் அவர்கள் உன் கண்ணைப் பார்க்கிறார்களா என்று பார். நான் இரண்டு மாதமாக உன் கண்ணைப் பார்க்கவில்லை.

முந்தாநாள் மூன்று பஸ் மாறி யட்டியாந்தோட்டைக்குப் போனேன். உன் அப்பாவிடம் கோயிலுக்கு என்றேன், அதுவும் பொய்தான். சம்பந்தி வாசலில் நின்றார். "என்னாங்க சம்பந்தியம்மா, கார்ல வரலியா?" என்றார். குத்த வேண்டும் என்றுதான் கேட்டார். நான் குடையை மடிக்கக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே, அரிசிப் பானையில் தொடங்கி அடுத்த லயத்து ஆட்டோ வரைக்கும் சொன்னேன். அவர் திட்டுவார், அடிப்பார் என்று பார்த்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நானும் விடாமக் கேட்டுக்கிட்டே இருந்தேனே, இன்னும் கால் பேருதானான்னு" என்றார். கௌசல்யா உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மெலிந்துபோயிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா, மாமி?"

"இல்ல புள்ள."

"ஆஸ்பத்திரியில என் காலப் புடிச்சுக்கிட்டு 'என்னால, என்னால'ன்னு அழுதாரே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து வந்து, "மழ பெருசா வருது, பஸ்ஸு போயிரும், போங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ரோடு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். பஸ் வருவதற்குள் நான் ஒன்று கேட்டேன். "அவன் வெளிநாட்டுக்குப் போறான், வியாழக்கிழம. போறதுக்கு முன்ன ஒரு தடவ ஒன்னக் கூப்பிட்டா பேசுவியா புள்ள?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னையில இருந்து அவரு ஒரு நாளுகூட கூப்பிடல, மாமி. கூப்பிட்டா பேசமாட்டேன்னு நான் யாருகிட்ட சொன்னேன்?"

இதில் நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இன்று மத்தியானம் உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை, ஆனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொழும்புக்கு இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பார். நீ போனாலும் போ, போகாவிட்டாலும் போகாதே, அதை நான் சொல்லக்கூடாது. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குப் பதில் எழுத வேண்டாம். இதை வாசித்து முடித்ததும் அவளைக் கூப்பிடு. அப்பா பக்கத்தில் நிற்கும்போதே கூப்பிடு.

அம்மா